டென்னிஸ் தரை போட்டால் போதுமா? தினம் பெருக்குவது யார்?

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் விளையாட்டு மைதானம் வருகிறது. எல்லாச் சட்டமன்றத் தொகுதிகளிலும் சிறு விளையாட்டு அரங்கம் அமைக்கப்படும் என்று 2022-ம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. சில ஊர்களில் கட்டி முடித்துத் திறந்தும் விட்டார்கள்.

நல்ல காரியம்தான். திறப்பு விழா நடக்கும். தோரணம் கட்டுவார்கள். மிட்டாய் கொடுப்பார்கள். பிள்ளைகள் ஆசையோடு ஓடி வருவார்கள்.

மறுநாள்?

மைதானத்தை யார் பெருக்குவது? மழைத் தண்ணீர் தேங்கினால் யார் தள்ளுவது? வெடிப்பு விழுந்தால் யார் அடைப்பது?

எல்லா ஆட்டத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. டென்னிஸ் ஆட்டத்துக்கு மிகவும் அதிகம். ஏன் தெரியுமா?

கைப்பந்தில் பந்து தரையில் விழுந்தால் ஒரு பாயிண்டு முடிந்தது. இறகுப்பந்திலும் அப்படியே. டென்னிசில் பந்து தரையில் விழுந்து எழும்பினால்தான் ஆட்டம். தரையில் ஒரு சிறு குழி இருந்தாலும் பந்து கோணலாகப் போகும். ஓடி வந்த பிள்ளை ஏமாந்து நிற்கும். சில சமயம் கால் மடங்கி விழும்.

ஆகவே, டென்னிஸ் ஆட்டத்தில் தரையும் ஓர் ஆட்டக்காரர்!

16½ சென்ட் இடம்

டென்னிஸ் கட்டத்தின் நீளம் 78 அடி. இருவர் ஆடும் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. நால்வர் ஆடினால் 36 அடி.

கட்டத்தை விட்டு வெளியே ஓடியும் பந்தை அடிக்க வேண்டும் அல்லவா? அதற்கும் இடம் விட்டால், 120 அடி நீளமும் 60 அடி அகலமும் வேண்டும். மொத்தம் 7,200 சதுர அடி. அதாவது சுமார் 16½ சென்ட்.

இந்த 16½ சென்ட் நிலத்தில் எந்தத் தரை போடுவது? முக்கியமாக 3 வகை உண்டு. ஒன்று புல் தரை. இன்னொன்று மண் தரை. மற்றொன்று சிமெண்டு அல்லது தார் மேல் வண்ணப் பூச்சுப் பூசிய கெட்டித் தரை.

மூன்றும் மூன்று விதமான பிள்ளைகள். ஒன்று தினமும் பால் கேட்கும். ஒன்று தினமும் குளிப்பாட்டச் சொல்லும். ஒன்று பல நாள் சும்மா இருக்கும். திடீர் என்று பெரிய செலவு வைக்கும்!

புல்: அழகு அதிகம், பாடும் அதிகம்

டென்னிஸ் ஆட்டம் பிறந்தது புல்லில்தான். இங்கிலாந்தில் விங்பீல்டு என்ற ராணுவ மேஜர் 1874-ம் ஆண்டு இந்த ஆட்டத்துக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். 1877-ல் விம்பிள்டனில் முதல் பந்தயம் நடந்தது. இன்றும் அங்கே புல் தரைதான்.

விம்பிள்டனில் புல்லின் உயரம் எவ்வளவு? வெறும் 8 மில்லி மீட்டர்! ஒரு சுண்டு விரலின் அகலம்கூட இல்லை. பந்தய நாட்களில் அதே அளவில் வெட்டி வைக்கிறார்கள். 2001-ம் ஆண்டு முதல் 'ரை' என்ற ஒரே இனப் புல்லை வளர்க்கிறார்கள். மிதிபட்டாலும் அது தாங்கும்.

அந்தப் புல்லைக் கொண்டுவந்து திருச்சியில் நட்டால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் கருகிப் போகும். அது குளிர் நாட்டுப் புல். வெயில் நாட்டுக்கு ஏற்றது அருகம்புல் இனம். வெயிலைத் தாங்கும். படர்ந்து வளரும். பிய்ந்துபோன இடத்தை மெல்ல மூடிக்கொள்ளும்.

ஆனால் அதற்கும் தண்ணீர் வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். 7,200 சதுர அடியில் 1 மில்லி மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் சுமார் 670 லிட்டர் வேண்டும். கோடை நாளில் புல்லுக்கு 5 மில்லி மீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 3,300 லிட்டர் ஆகிறது. 15 லிட்டர் குடத்தால் ஊற்றினால் 220 குடம்! அதுவும் ஒரே நாளைக்கு.

தண்ணீரோடு வேலை தீரவில்லை. வெட்ட வேண்டும். உருளை ஓட்ட வேண்டும். களை பிடுங்க வேண்டும். பூச்சி, புழு பார்க்க வேண்டும். கோடு போட வேண்டும். ஆட்டக்காரர்கள் நின்று நின்று தேய்ந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

புழுவுக்குப் பெரிய மனிதர், சிறிய மனிதர் என்ற பேதம் இல்லை. 2007-ம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில் ஒரு வேடிக்கைப் பந்தயம் நடந்தது. வலைக்கு ஒரு பக்கம் புல். மறு பக்கம் மண். புல்லில் பேர் பெற்ற பெடரரும் மண்ணில் பேர் பெற்ற நடாலும் ஆடினார்கள். நடால் ஜெயித்தார். ஆனால் பந்தயத்துக்கு முன்பே புழு ஜெயித்துவிட்டது! அது புல்லைக் கெடுத்துவிட்டதால், கடைசி நேரத்தில் வேறு புல் கொண்டுவந்து பதிக்க வேண்டியதாயிற்று.

மண்: ஏழையின் தரை, ராஜாவின் பந்தயம்

மண் தரை பிறந்ததற்கும் வெயிலே காரணம். பிரான்சு நாட்டின் தென் கடற்கரையில் கான் என்ற ஊர் இருக்கிறது. 1880-ம் ஆண்டு வாக்கில் அங்கே டென்னிஸ் கற்றுக்கொடுத்த ரென்ஷா என்ற ஆங்கில ஆட்டக்காரர், புல் காய்ந்து போவதைக் கண்டார். உடைந்த மண் சட்டிகளைப் பொடி செய்து புல்லின் மேல் தூவினார். அப்படித்தான் செம்மண் தரை வந்தது என்று சொல்கிறார்கள்.

இன்று பாரிஸ் நகரில் பிரெஞ்சுப் பந்தயம் நடக்கும் ரோலண்டு காரோஸ் மைதானத்தில் சிவப்பாகத் தெரிவது மண் அல்ல. செங்கல் பொடி! அதன் கனம் சுமார் 2 மில்லி மீட்டர்தான். அதன் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பொடி. அதற்குக் கீழே நிலக்கரிச் சாம்பல் கட்டி. அதற்கும் கீழே சரளைக் கல். மேலே விழும் மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். ஆனால் சுண்ணாம்புக் கல் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் செங்கல் பொடி பறக்காமல் காக்கிறது.

தமிழ்நாட்டு மண் தரையின் கதை வேறு. இங்கே செங்கல் பொடிக்குப் பதிலாகச் செம்மண். அதன் மேல் சாணிக் கரைசல். பழைய டென்னிஸ் மைதானங்கள் பல இப்படித்தான் இருந்தன. நெல் அடிக்கும் களத்தை விவசாயிகள் எப்படித் தயார் செய்கிறார்கள்? மேடு பள்ளத்தைச் செதுக்குவார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். சாணி தெளித்து மெழுகுவார்கள். டென்னிஸ் மண் தரையும் கிட்டத்தட்ட அதே களம்தான்!

மண் தரையைக் காக்கும் முறை இது:

1. ஆட்டம் முடிந்ததும் சாக்கு அல்லது வலையை இழுத்துக் கால் தடங்களை அழிக்க வேண்டும். ஓரத்தில் சேரும் மண்ணைத் திரும்ப நடுவுக்குத் தள்ள வேண்டும்.

2. மாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் குழி விழும். பூவாளியில் தெளிப்பதுபோலத் தெளிக்க வேண்டும்.

3. காலையில் உருளை ஓட்ட வேண்டும். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை ஆக வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். சேறாக இருந்தால் மண் உருளையோடு வந்துவிடும். காய்ந்திருந்தால் உருளை ஓட்டியும் பயன் இல்லை.

4. களிமண் அதிகமானால் தரை வெடிக்கும். மணல் அதிகமானால் கால் சறுக்கும். எது அதிகமோ அதற்கு எதிரானதைக் கலக்க வேண்டும்.

5. சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். கோடு அழிந்தால் பந்து உள்ளேயா, வெளியேயா என்று சண்டை வரும்!

தினம் தினம் வேலைதான். ஆனால் எந்த வேலைக்கும் வெளியூர் ஆள் வேண்டாம். விலை உயர்ந்த சரக்கும் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் தரை கெட்டுப் போனாலும், ஊர் ஜனங்களே தை மாதத்தில் திரும்பப் போட்டுவிடலாம்.

கெட்டித் தரை: சும்மா இருப்பதுபோல் இருக்கும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் விளையாட்டு அரங்கம் இருக்கிறது. தெற்கு ஆசிய நாடுகளின் விளையாட்டுப் போட்டிகள் 1995-ம் ஆண்டு சென்னையில் நடந்தன. அப்போது வந்தது அந்த அரங்கம். அங்கே இருப்பது கெட்டித் தரை. 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் அங்கே உலக ஆட்டக்காரர்கள் வந்து ஆடினார்கள். 2022-லும் 2025-லும் பெண்களுக்கான பந்தயம் நடந்தது. 2025-ல் பந்தயம் நடந்தது ஐப்பசி மாதம். சொல்ல வேண்டுமா? மழை வந்து தொல்லை கொடுத்தது!

கெட்டித் தரையின் நன்மை இதுதான். தண்ணீர் தெளிக்க வேண்டாம். உருளை வேண்டாம். மழை நின்றதும் தண்ணீரைத் தள்ளித் துடைத்துவிட்டு ஆடலாம். கோடு அழியாது. பந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழும்பும்.

ஆனால் போடும்போதே சரியாகப் போட வேண்டும். சிமெண்டு கான்கிரீட்டுத் தரை என்றால் 28 நாள் நன்றாக இறுக விட வேண்டும். அவசரப்பட்டுப் பூச்சுப் பூசினால் உரிந்து வரும். தரை மட்டமாக இருப்பதுபோல் தெரிய வேண்டும். ஆனால் தண்ணீர் ஓட 10 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். 60 அடி அகலத்துக்கு 6 அங்குலம்.

சரிவு சரிதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தரை முழுவதும் தண்ணீர் விடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் பொறுங்கள். எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால், அதில் ஒரு நாணயத்தைப் போடுங்கள். நாணயம் மூழ்கினால் அந்தப் பள்ளத்தைச் சரி செய்ய வேண்டும். காண்டிராக்டருக்குக் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது!

பிறகு? இலை தழையைப் பெருக்க வேண்டும். பாசி பிடித்தால் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். தரைக்குப் பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் உள்ளே வராமல் பார்க்க வேண்டும். மயிர் அளவு வெடிப்பு விழுந்தாலும் உடனே அடைக்க வேண்டும். விட்டால் அதன் வழியே மழைத் தண்ணீர் இறங்கும். அடித்தளம் இளகும். மயிர் அளவு வெடிப்பு விரல் அளவு ஆகும். 4 முதல் 8 ஆண்டுக்கு ஒரு முறை மேல் பூச்சைப் புதிதாகப் பூச வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். கெட்டித் தரையைக் கண்டால் ஊரில் பலருக்கும் ஆசை வரும். மோட்டார் சைக்கிள் நிறுத்தத் தோன்றும். நெல் காயப்போடத் தோன்றும். கல்யாணப் பந்தலுக்குக் கால் நடத் தோன்றும். இரும்பு நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தத் தோன்றும். ஒரே நாளில் பூச்சு கிழிந்துவிடும்.

வெயிலும் ஒரு கஷ்டம். பங்குனி, சித்திரையில் பகல் நேரத்தில் தரை கொதிக்கும். அப்போது பிள்ளைகளை ஆட விடக் கூடாது. தரை கடினமாக இருப்பதால் முழங்காலுக்கும் பாரம் அதிகம்.

உலகம் புல்லை விட்டது ஏன்?

உலகில் 4 பெரிய டென்னிஸ் பந்தயங்கள் உண்டு. 1974-ம் ஆண்டு வரை அவற்றில் 3 பந்தயங்கள் புல் தரையில் நடந்தன. இன்று விம்பிள்டன் ஒன்றுதான் மிச்சம்.

அமெரிக்கப் பந்தயம் 1975-ல் மண்ணுக்கு மாறியது. 1978-ல் கெட்டித் தரைக்கு மாறியது. ஆஸ்திரேலியப் பந்தயம் 1988-ல் கெட்டித் தரைக்கு வந்தது. புல்லில் பந்து ஒரே சீராக எழும்பாதது ஒரு காரணம். புல்லை ஆண்டு முழுவதும் காப்பதன் கஷ்டம் இன்னொரு காரணம்.

தரை மாறினால் ஆட்டமும் மாறும். புல்லில் பந்து தாழ்ந்து, வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். மண்ணில் வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். கெட்டித் தரை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

தமிழர்கள் இதை நன்றாக அறிவார்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் புல் தரையில் சிறுவர் பட்டம் வென்றார். 1960-லும் 1961-லும் அங்கே அரை இறுதி ஆட்டம் வரை வந்தார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார். தந்தைக்கு ஏற்ற மகன்!

டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. எந்த நாட்டில் ஆட்டம் நடக்கிறதோ, அந்த நாடே தரையைத் தீர்மானிக்கலாம். 1987-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் புல் தரையில் இந்தியா ஆடியது. ரமேஷ் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ் ஆகியோர் இருந்த இந்திய அணி, ஆஸ்திரேலியாவை 3-2 என்று தோற்கடித்தது. அடுத்தது இறுதிப் போட்டி. சுவீடன் நாட்டில், கூரைக்கு அடியில் மண் தரை போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். இந்தியா 0-5 என்று தோற்றது. சுவீடன் பலமான அணிதான். அதோடு தரையும் சேர்ந்துகொண்டது.

இந்தியாவும் இந்த யுக்தியைச் செய்யாமல் இல்லை. 2022-ல் டென்மார்க் அணியை டில்லியில் புல் தரையில் ஆட வைத்து 4-0 என்று ஜெயித்தது. ஆனால் யுக்தி எப்போதும் பலிக்காது. 2019-ல் இத்தாலியைக் கல்கத்தாவில் புல் தரையில் ஆட வைத்தார்கள். இந்தியா 1-3 என்று தோற்றது.

2025-ம் ஆண்டு செப்டம்பரில் இன்னொரு பாடம் கிடைத்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் பீல் நகரில், கூரைக்கு அடியில் போட்ட கெட்டித் தரையில் இந்தியா 3-1 என்று ஜெயித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ் அந்த அணியில் ஆடி வெற்றி தேடித் தந்தார். எந்தத் தரையிலும் ஆடப் பழகியவனுக்கு எதிரியின் ஊரும் சொந்த ஊர்தான்.

மருங்காபுரிக்கு எது சரி?

திருச்சி மாவட்டத்தில் மருங்காபுரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஜமீன் ஊர். முன்பு அந்தப் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருந்தது. பக்கத்தில் மணப்பாறை. மாட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் காவிரி ஓடுகிறது. மருங்காபுரிப் பக்கம் காவிரிப் பாசனம் இல்லை. மழையை நம்பிய மேட்டு நிலம்.

அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு டென்னிஸ் மைதானம் போடுவதாக வைத்துக்கொண்டால், எந்தத் தரை போடுவது?

புல் கூடாது. குடிதண்ணீருக்குப் பெண்கள் காத்து நிற்கும் கோடையில், 220 குடம் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

கெட்டித் தரை போடலாம். தண்ணீர் வேண்டாம். பெரிய பந்தயங்கள் இன்று பெரும்பாலும் அதில்தான் நடக்கின்றன. சிறு வயதில் அதில் ஆடிப் பழகினால் வெளியூர்ப் பந்தயத்தில் திணற வேண்டாம். ஆனால் 4 முதல் 8 ஆண்டுக்குள் மேல் பூச்சுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை இன்றே ஒதுக்கி வைக்காவிட்டால், இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை 8-ம் வகுப்புக்கு வரும்போது தரை வெடித்துக் கிடக்கும்.

மண் தரையும் போடலாம். செம்மண்ணுக்கு அங்கே பஞ்சம் இல்லை. சாணிக்கும் பஞ்சம் இல்லை! களம் மெழுகத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சம் இல்லை. நாளைக்கு 1 மில்லி மீட்டர் தெளித்தால் சுமார் 45 குடம் தண்ணீர் ஆகும். புல்லுக்கு ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு. குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும் என்பது இல்லை. கை கழுவிய தண்ணீரைத் தேக்கி வைத்துத் தெளிக்கலாம். விழுந்தாலும் பிள்ளைக்கு அடி குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் ஆட முடியாது. அதுதான் குறை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் மண் தரை போடலாம். செலவு குறைவு. நிறைய ஊர்களில் போடலாம். தொகுதிக்கு ஓர் இடத்தில் நல்ல கெட்டித் தரை இருக்கட்டும். கிராமத்தில் நன்றாக ஆடும் பிள்ளைகள் வாரம் ஒரு முறை அங்கே வந்து பழகட்டும். மழைக்காலத்துக்கும் அது உதவும்.

ஆள் இல்லாத மைதானம் அரை மைதானம்

எந்தத் தரை போட்டாலும் ஓர் ஆள் வேண்டும்.

பழைய டென்னிஸ் கிளப்புகளில் 'மார்க்கர்' என்று ஒருவர் இருப்பார். விடியும் முன் வருவார். தண்ணீர் தெளிப்பார். உருளை இழுப்பார். கோடு போடுவார். வலை கட்டுவார். ஆடுவதற்கு ஆள் குறைந்தால், தானே மட்டையை எடுத்து எதிர்ப்பக்கம் நிற்பார். அவர் படம் பத்திரிகையில் வராது. கோப்பையில் அவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் ஒரு வாரம் வராவிட்டால் மைதானம் அழுதுவிடும்.

மைதானம் கட்டும் கணக்கில் சிமெண்டுக்கு ஒரு வரி இருக்கிறது. கம்பி வலைக்கு ஒரு வரி. விளக்குக்கு ஒரு வரி. இந்த மனிதருக்கும் ஒரு வரி வேண்டும். மாதச் சம்பளம் வேண்டும். துடைப்பம், உருளை, சுண்ணாம்பு வாங்கப் பணம் வேண்டும். மேல் பூச்சுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தனியாகச் சேர வேண்டும். உள்ளூர் மகளிர் குழு ஒன்றிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், வீட்டையும் களத்தையும் காத்த கைகள் மைதானத்தையும் காக்கும்.

ஊர் ஜனங்களும் ஒன்று செய்யலாம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்கலாம்.

"நாளைக் காலையில் இதைப் பெருக்கப் போகிறவர் யார்? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?"

பதில் கிடைத்தால், அந்த மைதானம் பிழைத்துக்கொள்ளும். அதில் பிள்ளைகள் பல காலம் ஆடுவார்கள்.